துணைக்கால்

என்னிடம் கொடுத்தனுப்பியவை
ஒரு நாடா, ஒரு ஏணி,
முப்பத்தெட்டுத் தகடுகள்.
நீலத்தில் வெள்ளை எழுத்து.
மேலே மலையாளம், கீழே தமிழ்.
தமிழில் மட்டும் எழுதியவன்
ஒரு மெய்யெழுத்தை விழுங்கியிருந்தான்:
பாரம்பரிய கட்டடம்.
சொன்னேன்.
எழுத்து விழுந்தால் விழட்டும்,
சுவர் விழுவதற்குள் அளந்துவிட்டு வா என்றார் ஆபீசர்.

பாலத்தடியில் பெரியாறு
முழங்கையை மடக்கித் திரும்புகிறது.
அந்த மடிப்புக்குள்
தேயிலைக்கு வந்த துரைமார்
கட்டிப் போட்டுவிட்டுப் போன தெரு.
மூன்றடிச் சுவர், கடுக்காய் ஊறிய சுண்ணாம்பு.
எல்லாம் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன.
வெள்ளம் வந்த வருசம்
முதுகில்தான் அடி வாங்கின.
'ஆற்றிலிருந்து பார்க்க அழகு' என்று
குறிப்பில் சேர்க்கச் சொன்னார்கள்.
ஆற்றிலிருந்து யார் பார்ப்பது?

தபால் ஆபீஸ்: வளைவு ஐந்து, விரிசல் இரண்டு.
மூன்றாவது வளைவில் பூனை குட்டி போட்டிருந்தது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கிளப்பில்
பில்லியர்ட்ஸ் மேசைமேல்
மிளகு பரப்பியிருந்தார் காவல்காரர் மரியசெல்வம்.
வெளியே மழை.
இது எந்த வருசம் என்றேன்.
போன வருசத்து மிளகு என்றார்.

மருந்துக் கிட்டங்கி. தராசு வீடு.
இருபத்தொன்பதாம் எண், சம்பள ஆபீஸ்,
வரைபடத்தில் இருக்கிறது.
போய்ப் பார்த்தால் படிகள் மட்டும்,
நாலு படி,
நேராக ஆற்றுக்குள் இறங்குகின்றன.
அந்தத் தகட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தேன்.

இருபத்தொன்று, குதிரை லாயம்.
அதற்கு நேரெதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம்,
எங்கள் சிவப்புக் கோட்டுக்கு வெளியே
பதினாறு கதவு வைத்த லயம்.
அதே சுண்ணாம்பு. அதே ஓடு, ஓட்டில் அதே முத்திரை.
அதே வெள்ளத்தின் பழுப்புக் கறை, இடுப்பு உயரத்தில்.
எழுதிப் பார்த்தால்
நடுவே ஒரு துணைக்கால்தான் வித்தியாசம்.
குதிரைக்கு ஒரு கால் கூட.

ஏழாம் கதவிலிருந்து பூரணக்கிளி கூப்பிட்டாள்.
கொழுந்துச் சாக்கு இன்னும் இடுப்பில்.
"குமுளியில ஒரு பீரோ பாத்து வச்சிருக்கேன்,
மூணடி அகலம்.
உள்ள வருமான்னு கொஞ்சம் பிடிச்சுப் பாருங்க."
பிடித்தேன்.
கதவு இரண்டடி மூன்று அங்குலம்.
அறை பத்துக்குப் பத்து.
அதற்குள் அடுப்பு, கட்டில், பள்ளிக்கூடப் பை மூன்று,
துண்டைப் போர்த்திக்கொண்டு ஒரு டிவி,
ஒழுகும் இடத்தில் ஒரு குண்டான்.
"அங்க எவ்வளவு?"
தாடையால் எதிர்ப்பக்கத்தைக் காட்டினாள்.
ஒரு குதிரைக்குப் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.
கதவு ஐந்தடி.
சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள்.
"குதிரையாப் பொறந்திருந்தா பீரோ வாங்கிருப்பேன்."

நான் நாடாவைச் சுருட்டினேன்.
பாதியில் சிக்கியது.
குனிந்துகொண்டே இருக்க அது வசதியாக இருந்தது.

"அந்தத் தகரம் ஒண்ணு மிச்சமா?"
மிச்சம்தான்.
கணக்குப்படி மிச்சமில்லை.

ஏணி சர்க்காருடையது. ஏறியது அவள்.
உடைந்த ஓட்டுக்கு அடியில் தகட்டைச் செருகப் போனவள்
அங்கிருந்தே கேட்டாள்,
எழுத்து மேல இருக்கணுமா, கீழயா?
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
"மழைக்கு வாசிக்கத் தெரியாது" என்று
அவளே முடிவுசெய்து
எழுத்தைக் கீழே திருப்பினாள்.

இப்போது அந்த வீட்டில்
மல்லாந்து படுத்தால் படிக்கலாம்.
மூன்று பிள்ளைகளில் நடுவுள்ளது
முதல் ராத்திரியே கண்டுபிடித்துவிட்டதாம்,
ஒரு 'க்' இல்லை என்று.

ஆபீசிலிருந்து கடிதம் வந்திருக்கிறது.
தகடு முப்பத்தெட்டு, கட்டடம் முப்பத்தேழு,
மீதி ஒன்று எங்கே?

ஆற்றோடு போயிற்று என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
அன்றைக்கும் நல்ல மழை.